ஹோட்டல் பாப்பா பேசுகிறது

எனக்கு விமானம் ஓட்டக் கற்றுத்தருகிற ஷெரின் மேடம் இறங்கிக் கதவை அடித்துச் சாத்திவிட்டார். என்ஜின் ஓடிக்கொண்டிருக்கிறது. வலது பக்கத்துக் காலி இருக்கையில் அவருடைய பெல்ட்டைக் குறுக்காக மாட்டி இறுக்கி வைத்திருக்கிறேன், எதிலும் போய்ச் சிக்கிக்கொள்ளக் கூடாது. முதல் தடவையாக என்னைத் தனியாக விட்டு இறங்குவதற்கு முன் அவர் சொன்னது இவ்வளவுதான்: "ஒரே ஒரு ரவுண்டு. ஏறு, சுத்து, இறங்கு. நீ நல்லாத்தான் ஓட்டறே." அப்புறம் கதவில் கையை வைத்தபடி கொஞ்சம் நின்றார். "ரேடியோ..." என்று ஆரம்பித்தார், மீதியைச் சொல்லவில்லை, என் தோளில் ஒரு தட்டு தட்டிவிட்டுத் தலைமுடி பறக்கப் பயிற்சிப் பள்ளியின் தகரக் கொட்டகையைப் பார்த்து நடந்துவிட்டார். என் வாக்கியங்களை மற்றவர்கள் முடித்து வைத்துத்தான் எனக்குப் பழக்கம். இன்னொருவர் விட்டுப்போன வாக்கியத்தை நான் முடித்துப் பார்ப்பது புதிதாக இருக்கிறது. ரேடியோவில் நீ மாட்டிக்கொண்டால் எடுத்துப் பேச நான் பக்கத்தில் இல்லை. அதுதானே மேடம். எனக்குத் திக்கும். எல்லா எழுத்துக்கும் இல்லை, ப-வுக்கு மட்டும், அதிலும் பா என்றால் கட்டாயம். என் பெயர் பார்கவி. இந்த விமானத்தின் பெயர் அதைவிட மோசம். வாலில் எழுதியிருப்பதில் கடைசி இரண்டு எழுத்து ஹெச், பி. ரேடியோ இரைச்சலில் பி-யும் டி-யும் ஒன்றுபோலக் கேட்கும் என்பதால் எழுத்துக்கு ஒரு சொல் என்று உலகம் முழுக்க வைத்திருக்கிறார்கள், ஹெச் என்றால் ஹோட்டல், பி என்றால் பாப்பா. ஆகவே நான் இப்போது ஹோட்டல் பாப்பா. ஆம்பூர் ரிஸ்வான் என்னோடு சேர்ந்தவன், இந்தப் பெயரைக் கேட்டால் போதும், "ஹோட்டல் பாப்பா, ரெண்டு இட்லி, சட்னி ஜாஸ்தி" என்பான். அவனுக்குப் பெரும்பாலும் ஹெச், கே என்று முடிகிற விமானம், ஹோட்டல் கிலோ வாய்க்கும். கிலோ. எவ்வளவு லேசான சொல், சொல்லி முடித்த பிறகுதான் சொன்னதே தெரியும்.

"ஹோட்டல் பாப்பா, புறப்படலாம்" என்கிறது விமான நிலையத்து டவர். ரேடியோவில் எல்லாமே இங்கிலீஷ்தான், என் மண்டைக்குள் அது தமிழாகத்தான் வந்து விழும். கேட்டதைக் கேட்டபடி திருப்பிச் சொல்லிக் கடைசியில் பெயரைச் சொல்ல வேண்டும். ஸ்டியரிங்கில் இடது கட்டைவிரலுக்கு அடியில் ஒரு சிவப்புப் பட்டன். அமுக்கினால் நான் பேசலாம், விட்டால் நான் கேட்கலாம், இரண்டும் சேர்ந்து நடக்காது. அமுக்கிச் சொல்கிறேன், ஹோட்டலின் ல்-லை இழுத்து அதன் முதுகிலேயே பாப்பாவை ஏற்றிவிடுகிறேன், ஹோட்டலாப்பா என்று ஏதோ ஒன்று வருகிறது, டவர் திருப்பிக் கேட்கவில்லை. தப்பித்தேன். இது என்னுடைய பழைய தந்திரம், இன்னும் எத்தனை தடவை பலிக்குமோ. த்ராட்டிலை முழுக்கத் தள்ளுகிறேன். ஆள் ஒருத்தர் குறைந்ததும் இதற்கு என்ன அவசரம், மூக்கைத் தூக்குவதற்கு முன்னாலேயே தரையை விட்டுவிட்டது. ஒரு நிமிஷம் முன்பு வரைக்கும் குலுங்கிக்கொண்டிருந்த உடம்பு சட்டென்று அமைதியாகிறது, அந்த அமைதிக்காகத்தான் நான் இதற்கு வந்தேன் என்று தோன்றுகிறது. தென்னை உச்சிகள் கீழே போகின்றன. மரவள்ளிக் காடு பச்சைக் கட்டம் கட்டமாக, நடுவில் ஜவ்வரிசி ஆலைகளின் களங்கள், மாவைக் காயப்போட்டு வெள்ளை வெளேரென்று. யாரோ துணி துவைத்து விரித்த மாதிரி. வடக்கே ஏற்காட்டு மலை பாதி வெயிலில், பாதி மூட்டத்தில். கைக்கும் காலுக்கும் தெரிந்த வேலை, அது பாட்டுக்கு நடக்கிறது. உதட்டுக்கு மட்டும்தான் பயம்.

இடது பக்கம் திரும்புகிறேன். ஓடுபாதையைச் சுற்றி ஒரு நீளச் சதுரம், அவ்வளவுதான் என் பயணம். நேராக ஏறி, இடது திரும்பி, மறுபடி இடது திரும்பி, ஓடுபாதைக்குப் பக்கவாட்டில் வந்த திசைக்கே திரும்பப் போகிற அந்த நீளமான பகுதிக்கு டவுன்விண்ட் என்று பெயர். அங்கே போனதும் டவரிடம் சொல்ல வேண்டும், ஹோட்டல் பாப்பா, டவுன்விண்ட். இரண்டே சொல் பெயர், ஒரு சொல் இடம். சுற்றிக்கொண்டு போகிற பேச்சில் நான் கெட்டிக்காரி. சங்ககிரியில் பஸ் ஏறிப் பவானிக்குப் போக வேண்டும் என்றால் குமாரபாளையத்துக்கு டிக்கெட் எடுப்பேன், கண்டக்டரிடம் பவானி வராது, குமாரபாளையத்தில் இறங்கிக் காவிரிப் பாலத்தை நடந்தே தாண்டிப் பவானிக்குப் போவேன். பாலத்துக்கு நடுவில் நின்று தண்ணீரைப் பார்ப்பது பிடிக்கும் என்று என்னையே நம்பவைத்திருந்தேன். கடையில் பால் வேண்டுமென்றால் டீ சொல்வேன். பாட்டி என்று கூப்பிடாமல் ஆத்தா என்பேன். பொண்ணு பார்க்க வந்தவர்கள் பேர் என்னம்மா என்று கேட்டபோது சிரித்தேன், அம்மாதான் சொன்னாள், "பார்கவிங்க. கொஞ்சம் கூச்சமுங்க." எனக்குக் கூச்சமே கிடையாது. அவர்கள் போன பிறகு அப்பாவிடம் அதைச் சொன்னேன், "எனக்குக் கூச்சமெல்லாம் இல்லீங்கப்பா." லாரிக்குக் கிரீஸ் வைத்துக்கொண்டிருந்த அப்பா நிமிர்ந்து பார்த்து, "அது எனக்குத் தெரியாதா அம்மிணி" என்றார். அவருடைய லாரி கேபினில் என்ஜின் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்திப் பேசும்போது எனக்குத் திக்கினதே இல்லை. சத்தம் இருந்தால் வராது போல என்று நினைத்துக்கொண்டேன். விமானத்திலும் சத்தம்தானே என்று கணக்குப் போட்டேன். ஹெட்போன் என்று ஒன்று மாட்டுவார்கள், அதில் வெளிச் சத்தம் அடங்கிப்போய், நம்முடைய குரலே நம்முடைய காதுக்குள் சுத்தமாக, பக்கத்து வீட்டுப் பெண் பேசுகிற மாதிரி வந்து நிற்கும் என்று யாரும் சொல்லவில்லை. ரேடியோவில் சந்து பொந்து கிடையாது என்பதையும் யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய சொல் எது என்று முன்பே முடிவாகிவிட்டது. பவானிக்குப் பவானிதான்.

மறுபடி இடது. ஓடுபாதை இப்போது என் இடது தோளுக்குக் கீழே கறுப்புக் கோடாகக் கிடக்கிறது. உயரம் சரி, வேகம் சரி. சொல்ல வேண்டிய நேரம். கொஞ்சம் பொறுக்கலாம். வகுப்பில் ரேடியோ பாடம் எடுத்தவர் பலகையில் ஒரே மாதிரி ஏறி இறங்கும் அலை ஒன்று வரைந்தார், பட்டனை அமுக்கினதும் இது கிளம்பிவிடும், நீங்கள் பேசினாலும் பேசாவிட்டாலும் இது போய்க்கொண்டே இருக்கும், உங்கள் பேச்சு இதன்மேல் ஏறிக்கொள்ளும், அவ்வளவுதான் என்றார். எனக்கு உடனே புரிந்துவிட்டது. லாரி. லோடு இருந்தாலும் இல்லாவிட்டாலும் லாரி ரோட்டை அடைத்துக்கொண்டுதான் போகும். இங்கே இருக்கிறதோ ஒரே ரோடு. மதுரைக்கு மேலே பறக்கிறவனுக்கு வேறு ரோடு, ஆனால் டவர், நான், ரிஸ்வான் என்று இந்தச் சுற்றுவட்டாரத்தில் பறக்கிற எல்லாருக்கும் ஒரே அலைவரிசை. ஒருத்தர் பேசும்போது இன்னொருத்தர் புகுந்தால் இரண்டு பேச்சும் போய் ஒரு கீச்சு மட்டும் மிஞ்சும். புகுந்தவருக்கே அது தெரியாது, ஏனென்றால் பட்டன் அமுங்கியிருக்கிறவரை அவருக்கு எதுவும் கேட்காது. அன்றைக்கு ராத்திரி விடுதியில் தூக்கமே வரவில்லை. திக்குவாய்க்காரி சும்மா இருந்தால் மற்றவர்கள் பேசுவார்கள், அதுதான் இதுவரைக்கும் என் வாழ்க்கை. திக்குவாய்க்காரி பட்டனை அமுக்கிக்கொண்டு சும்மா இருந்தால் ஊரே ஊமை. இத்தனை நாளும் அப்படி நடக்கவில்லை, ஏனென்றால் என் கழுத்து நரம்பு இழுப்பதைப் பார்த்த உடனே மேடம், "விடு விடு, நான் சொல்லிடறேன்" என்று அவர் பக்கத்துப் பட்டனை அமுக்கிவிடுவார். நல்லவர்தான். அவர் அப்படிச் செய்யும்போதெல்லாம் பாலத்தில் நடக்கிற மாதிரிதான் இருக்கும், போய்ச் சேர்ந்துவிடுவேன், ஆனால் கேட்ட டிக்கெட்டில் இல்லை.

அமுக்குகிறேன். "ஹோட்டல்" என்று என் குரல் காதுக்குள் தெளிவாகக் கேட்கிறது. பா சொல்ல வேண்டுமானால் முதலில் வாயை மூட வேண்டும். மூடினேன். மூடினது திறக்கவில்லை. உதடு இரண்டும் ஒன்றையொன்று விடாமல் பிடித்துக்கொண்டிருக்கின்றன, உள்ளே காற்று முட்டிக்கொண்டு நிற்கிறது, தாடை நடுங்குகிறது, காதுக்குள் என் மூச்சு, அதற்குப் பின்னால் மணல் கொட்டுகிற மாதிரி ஒரு மெல்லிய சத்தம், அது நான்தான், நான் பேசாமல் அனுப்பிக்கொண்டிருக்கிற காலி லாரி. கட்டைவிரலும் சேர்ந்து விறைத்துவிட்டது, உதடு திறந்தால்தான் விரலும் திறக்கும் போல. கீழே ஒரு களம் போகிறது, களத்தில் மாவைக் கிண்டிக்கொண்டு யாரோ குனிந்திருக்கிறார்கள். விரலை எடு. எடு. எடுத்துவிட்டேன். உடனே டவரின் குரல், நடுவிலிருந்து: "...ஹோட்டல் கிலோ, உங்க செய்தி சரியா வரலை, கீச்சுன்னு கேட்டுது, திரும்பச் சொல்லுங்க." நான் கிலோ இல்லையே. ஒரு நொடி கழித்துத்தான் புரிகிறது. ரிஸ்வான் மலைப்பக்கத்துப் பயிற்சி முடிந்து திரும்பி வந்துகொண்டிருக்கிறான், நான் அமுக்கிக்கொண்டிருந்த அதே நேரத்தில் அவனும் பேசியிருக்கிறான். டவருக்குக் கேட்டது ஹோட்டல் என்ற ஒரு சொல்லும் ஒரு கீச்சும். ஹோட்டல் எங்கள் இரண்டு பேருக்கும் பொது. என்னை மட்டும் குறிக்கிற சொல் என் வாய்க்குள் இருக்கிறது.

ரிஸ்வான் சொல்கிறான், சிரமமே இல்லாமல், சைக்கிளில் இறக்கத்தில் வருகிற மாதிரி: "ஹோட்டல் கிலோ, விமான தளம் தெரியுது, உயரம் குறைச்சு டவுன்விண்டில் சேரப் போறேன்." டவர் சரி என்கிறது. "கிலோ, நீங்கதான் முதல்ல. ஒரு விமானம் இப்பத்தான் ஏறியிருக்கு, உங்களுக்குப் பின்னால வரும்." பின்னால் இல்லை. நான் ஏறி இரண்டு திருப்பம் ஆகிவிட்டது, அவன் சேரப்போகிற இடத்தில் நான் இருக்கிறேன், அவன் மேலிருந்து இறங்குகிறான், என் இறக்கை என் தலைக்கு மேலே, அதற்கு மேல் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. அவனுக்கு அவன் விமானத்தின் மூக்கு மறைக்கும், தனக்குக் கீழே யார் என்று அவனுக்கும் தெரியாது. ஆச்சரியம், பயம் வரவில்லை. பயம் எல்லாம் உதட்டுக்கே செலவாகிவிட்டதோ என்னவோ. வலது பக்கம் குனிந்து பார்க்கிறேன், ஆகாயம். பின்னால் பார்க்கிறேன், என் வாலும் வெளிச்சமும். திரும்பிவிடலாமா, எந்தப் பக்கம், அவன் எந்தப் பக்கம் என்று தெரியாமல் திரும்புவது அவன்மேலேயே போய் ஏறுவதாகவும் இருக்கலாம். டவருக்கும் ஏதோ உறுத்தியிருக்க வேண்டும். "ஹோட்டல் பாப்பா, எங்க இருக்கீங்க?"

அமுக்குகிறேன், "ஹோட்டல்", உதடு மூடிக்கொள்கிறது, விரலை எடுத்துவிடுகிறேன். இந்தத் தடவை உடனே எடுத்தேன், ரோட்டை அடைக்கக் கூடாது. கேட்டவர் காத்திருக்கிறார். ரிஸ்வான் ஒவ்வொரு நொடியும் கொஞ்சம் கொஞ்சம் கீழே வருகிறான். எனக்குத் திக்கக் கூடாது என்றுதான் நான் இதுவரைக்கும் பேசியிருக்கிறேன், யோசித்துப் பார்த்தால் வேறு எதற்கும் பேசியதில்லை, பவானி போவதற்குக்கூட இல்லை. பெயர் முதலில், இடம் பிறகு, அதுதான் முறை, தேர்வில் அதற்குத்தான் மார்க். அவனுக்கு இப்போது என் பெயரா வேண்டும். இடம் வேண்டும். இடத்தில் ப இல்லை. அமுக்குகிறேன். "டவுன்விண்ட். டவுன்விண்டில் நான் இருக்கேன். நடுவுல. கீழ ஜவ்வரிசிக் களம், வெள்ளைக் களம்." அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினால் யாரென்று அவர்களாகவே கண்டுபிடித்துக்கொள்வார்கள், என் வாக்கியத்தை மறுபடி யாராவது முடித்து வைப்பார்கள். தப்பாக முடித்தால், கிலோதான் களத்துக்கு மேலே இருக்கிறான் என்று டவர் எடுத்துக்கொண்டால். "ஹோட்டல் ப" என்கிறேன், இழுக்கவில்லை, ஒளிக்கவில்லை, யார் முதுகிலும் ஏற்றவில்லை, வருகிறபடி வரட்டும் என்று விட்டுவிடுகிறேன், "ப, ப, பா, பா, பாப்பா." உடைந்து உடைந்து எல்லாத் துண்டும் வெளியே போய்விட்டன. டவரில், கொட்டகை வாசலில் இருக்கிற ஸ்பீக்கரில், ரிஸ்வான் காதில், சுற்றுவட்டாரத்தில் இந்த அலைவரிசையில் யார் யார் இருக்கிறார்களோ அத்தனை பேர் காதிலும். விரலை எடுக்கிறேன்.

"ஹோட்டல் கிலோ, உடனே வலது பக்கம் திரும்புங்க, உயரம் குறைக்காதீங்க, உங்களுக்குக் கீழ விமானம்!" "திரும்பறேன், வலது" என்கிறான் ரிஸ்வான், அப்புறம் "பார்த்துட்டேன். பார்த்துட்டேன். எனக்கு நேர் கீழ. கிலோ, ஹோட்டல் கிலோ." முறைப்படி இல்லை, சொல் முன்னே பின்னே விழுகிறது. என் வலது பக்கக் கண்ணாடியில், இறக்கையின் ஓரத்துக்கு அப்பால், வெள்ளை வயிறும் ஒரு சக்கரமும் சாய்ந்து விலகுகின்றன. சக்கரத்தில் ஒட்டியிருந்த செம்மண் தெரிகிறது. அவ்வளவு பக்கம். அப்புறம் அது சின்னதாகி, வெறும் விமானமாகி, தூரத்தில் ஒரு வளைவு வளைந்து எனக்குப் பின்னால் போய்ச் சேர்ந்துகொள்கிறது. "ஹோட்டல் பாப்பா, நீங்க முதல்ல, இறங்கலாம். கிலோ, பாப்பாவுக்குப் பின்னால வாங்க" என்கிறது டவர். குரலில் ஒரு மாற்றமும் இல்லை. வேகத்தைக் குறைக்கிறேன், இடது திரும்புகிறேன், இன்னொரு இடது, ஓடுபாதை நேர் எதிரில் அகலமாகிக்கொண்டே வருகிறது. திருப்பிச் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். அதிலும் உடைந்தது. உடைந்த இடத்தில் விரலை எடுத்தேன், மூச்சு விட்டேன், அமுக்கி மீதியைச் சொன்னேன். இறங்கினது அழகாக இல்லை, ஒருதடவை குதித்தது, அப்புறம் உட்கார்ந்தது.

ஓடுபாதையை விட்டு வெளியேறித் தரையில் போட்ட கோட்டைத் தாண்டி நிறுத்துகிறேன். புல்லில் ஒரு கொக்கு நிற்கிறது, என்ஜின் சத்தத்தை அது சட்டை செய்யவில்லை. கொட்டகை வாசலில் ஷெரின் மேடம், கையில் டம்ளர், குடிக்காமல் பிடித்தபடியே நிற்கிறார், பக்கத்தில் மெக்கானிக்குகள் இரண்டு பேர். ஸ்பீக்கரில் எல்லாம் கேட்டிருப்பார்கள். போய் இறங்கினதும் மேடம் ஏதாவது கேட்பார், ஏன் பெயரை முதலில் சொல்லவில்லை, ஏன் அந்த முதல் தடவை அவ்வளவு நேரம் பட்டனை விடவில்லை, கேட்கட்டும், எனக்கும் சொல்ல இருக்கிறது, இனிமேல் நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது என் பேச்சை எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று, எவ்வளவு நேரமானாலும். சாயங்காலம் அப்பாவுக்குப் போன் பண்ண வேண்டும். அதற்கெல்லாம் முன்னால் ஒன்று பாக்கி. ரிஸ்வான் ஓடுபாதைக்கு நேராக இறங்கி வந்துகொண்டிருக்கிறான், நான் வெளியேறிவிட்டேன் என்று சொன்னால்தான் டவர் அவனுக்கு அனுமதி கொடுக்கும். அமுக்குகிறேன். "ஓடுபாதையை விட்டாச்சு, ஹோட்டல் ப, ப..." நின்றுவிட்டது. விரலை எடுக்கிறேன். மேலே ஒருவன் விமானத்தை இறக்கிக்கொண்டிருக்கிறான், டவரில் ஒருவர் மைக்கைப் பிடித்துக்கொண்டிருக்கிறார், இரண்டு பேருக்கும் பேச வழி திறந்துதான் கிடக்கிறது. ஒருவரும் பேசவில்லை. யாரும் எனக்காகச் சொல்லி முடிக்கவில்லை. மூச்சை விட்டு, அமுக்கி, "பா, பாப்பா" என்கிறேன்.

"ரோஜர், பாப்பா" என்கிறது டவர். உடனே, அதே மூச்சில், "கிலோ, இறங்கலாம்."